மூணு வழி கேம்பிங் ஃபிரிட்ஜுக்கு தெர்மோஸ்டாட் வச்ச ஃபேன் மாட்டுறது எப்படி, புதுசா பண்றவங்களுக்கு

கேஸ்லயும் ஓடும், கார் 12 வோல்ட்லயும் ஓடும், வீட்டு 240 வோல்ட் கரண்ட்லயும் ஓடும்னு சொல்லி விக்கிறாங்களே அந்த மூணு வழி கேம்பிங் ஃபிரிட்ஜ், அது 25 டிகிரி வெயில்ல நல்லா வேலை செய்யும், வெளிய 38, 40னு ஏற ஆரம்பிச்சதும் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். ஆஸ்திரேலியாவுல டிசம்பர் ஜனவரி லீவுல மில்டுரா தாண்டி உள்ள போனா 40ங்கிறது சாதாரணம், தெற்கு ஆஸ்திரேலியாவுல ஊட்நடாட்டாவுல 1960லயே 50.7 டிகிரி பதிவாகியிருக்கு, அந்த மாதிரி இடத்துக்கு குழந்தைங்களுக்குப் பால், சிக்கன், தயிர் எல்லாம் எடுத்துட்டுப் போறவங்களுக்கு ஃபிரிட்ஜ் உள்ள 5 டிகிரியா 12 டிகிரியாங்கிறது சும்மா விஷயம் இல்ல, சாப்பாடு கெட்டுப்போற விஷயம். இதுக்கு பெரிய செலவு இல்லாம வீட்லயே பண்ணக்கூடிய வேலைதான் பின்பக்கம் ரெண்டு சின்ன ஃபேன், சூட்டைப் பார்த்து அதைத் தானா ஓட விட்டு நிறுத்துற ஒரு தெர்மோஸ்டாட். எலக்ட்ரிக்கல் வேலை தெரியாதவங்களும் பண்ற மாதிரி ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், ஆனா எங்க கை வைக்கக்கூடாதுன்னு சொல்ற இடத்தை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் படிக்காதீங்க.

முதல்ல உங்ககிட்ட இருக்கிறது எந்த வகைன்னு பாருங்க. கேம்பிங் ஃபிரிட்ஜ்னு கடையில விக்கிறது மூணு விதம். ஒண்ணு பெல்டியர் கூலர், கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் ஜில்லாகுற சின்ன தகடு வச்சது, லேசா இருக்கும், விலை கம்மி, அதுல ஏற்கனவே ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதுக்கு இந்த வேலை தேவையில்ல, இருக்கிற ஃபேன்ல படிஞ்ச தூசியைத் தட்டினாலே போதும். ரெண்டாவது கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், எங்கெல், டொமெடிக் சிஎஃப்எக்ஸ் மாதிரி, கொஞ்சம் முனகிக்கிட்டு ஓடும், அதுலயும் பெரும்பாலும் கம்பெனியே ஒரு ஃபேன் வச்சிருக்கும். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை வண்டிக்குள்ள பலகை அடிச்ச பெட்டிக்குள்ள சொருகி வச்சிருந்தா பிரச்சினை ஃபிரிட்ஜ்ல இல்ல, அந்தப் பெட்டியில சூடு வெளிய போக வழி இல்லாததுல, அதைக் கடைசியில சொல்றேன். மூணாவதுதான் நம்ம ஆளு, அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ், சத்தமே வராது, கேஸ் கனெக்‌ஷன் இருக்கும், பின்பக்கம் கறுப்பா பைப்பும் தகடும் தெரியும். இந்தக் கட்டுரை முக்கியமா அதுக்குத்தான்.

இது எப்படி ஜில்லுன்னு ஆக்குதுன்னு தெரிஞ்சாதான் ஃபேனை எங்க வைக்கணும்னு புரியும். 1922ல ஸ்டாக்ஹோம்ல பால்ட்ஸர் ஃபான் பிளாட்டன், கார்ல் மன்டெர்ஸ்னு ரெண்டு இன்ஜினியரிங் மாணவர்கள் கண்டுபிடிச்ச முறை இது, எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி 1925லேர்ந்து வித்தாங்க, இன்னைக்கு வர அடிப்படை மாறல. உள்ள அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூணும் மூடின இரும்பு பைப்புக்குள்ள சீல் ஆகி இருக்கு. கீழ ஒரு ஓரத்துல பாய்லர், அதை கேஸ் தீயோ ஹீட்டரோ சூடாக்குது, அம்மோனியா ஆவியாகி மேல போகுது, மேல தகடு தகடா இருக்கிற கண்டென்ஸர்ல வெளிக்காத்து பட்டு குளிர்ந்து திரும்ப திரவமாகுது, அந்தத் திரவம் ஃபிரிட்ஜ் உள்பக்கம் இறங்கி ஹைட்ரஜனோட சேர்ந்து ஆவியாகும்போது உள்ள இருக்கிற சூட்டை உறிஞ்சுது, அப்புறம் கீழ வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற அப்சார்பர் பைப்புல தண்ணியில கரைஞ்சு மறுபடி பாய்லருக்கு வருது. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. எல்லாமே அந்த மேல் தகட்டுலயும் கீழ் வளைவுலயும் வெளிக்காத்து எவ்வளவு சூட்டை வாங்கிக்கிட்டுப் போகுதுங்கிறதைப் பொறுத்துதான் இருக்கு. வெளிக்காத்தே 40 டிகிரின்னா தகடு எப்படி ஆறும்? ஆவி பாதிதான் திரவமாகும், உள்ள போற திரவம் குறையும், ஜில்லும் குறையும். சிறுசு சைஸ் பெட்டிங்களுக்கு வெளி வெப்பத்தை விட 25லேர்ந்து 30 டிகிரி வரை குறைக்கும்னுதான் கம்பெனியே போடுது, கணக்குப் போட்டுப் பாருங்க, 42லேர்ந்து 30 கழிச்சாலே 12.

ஃபிரிட்ஜ் பின்பக்க ஸ்டிக்கர்ல கிளைமேட் கிளாஸ்னு ஒரு எழுத்து இருக்கான்னு பாருங்க. எஸ்என், என் ரெண்டும் 32 டிகிரி வரைக்கும், எஸ்டி 38 வரைக்கும், டி 43 வரைக்கும். என் போட்ட பெட்டியை 40 டிகிரியில வச்சிட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர், அது கெடல, அதோட அளவு அவ்வளவுதான். ஃபேன் அந்த அளவைக் கொஞ்சம் மேல தள்ளும். ஃபேன் ஜில்லை உண்டாக்காது, காத்து தேங்கி நிக்கிற இடத்துல காத்தை ஓட விடும், அவ்வளவுதான் அதோட வேலை, ஆனா இந்த வகை ஃபிரிட்ஜுக்கு அதுவே பெரிய வேலை.

ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் சரி பண்ணுங்க, இதெல்லாம் காசு செலவில்லாதது, இதைச் சரி பண்ணாம ஃபேன் மாட்டினா ஃபேன் மேலதான் பழி வரும். ஃபிரிட்ஜ் சமமா நிக்கணும், உள்ள ஓடுற திரவம் முழுக்க பைப்போட சாய்மானத்தை நம்பித்தான் ஓடுது, ரெண்டு மூணு டிகிரிக்கு மேல சாஞ்சா ஓட்டம் நின்னுடும், ஒரு சின்ன ரசமட்டம் வாங்கி மூடி மேல வச்சுப் பாருங்க, போன் ஆப் கூடப் போதும். அடுத்தது நிழல், சாயங்காலம் சூரியன் எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்த்து முன்னாடியே இடம் பிடிங்க. மூணாவது, கிளம்புறதுக்கு முந்தின ராத்திரியே வீட்டு கரண்ட்ல போட்டு ஜில்லாக்கி, ஏற்கனவே ஜில்லா இருக்கிற சாமானை மட்டும் உள்ள வைங்க, வெதுவெதுப்பான தண்ணி பாட்டிலை வச்சா அதை ஜில்லாக்க அரை நாள் எடுத்துக்கும்.

நாலாவதுதான் நிறைய பேர் கவனிக்காதது, 12 வோல்ட்ல ஓடும்போது ஒயர். இந்த ஃபிரிட்ஜ்ல 12 வோல்ட்ங்கிறது வெறும் ஹீட்டர் கம்பி, 75லேர்ந்து 125 வாட் வரை இழுக்கும், மாடலைப் பொறுத்து. ஹீட்டர் குடுக்கிற சூடு வோல்டேஜோட வர்க்கத்துல குறையும், அதாவது பேட்டரியில 12 இருந்து மெல்லிசு ஒயர், சிகரெட் லைட்டர் சாக்கெட் எல்லாம் தாண்டி ஃபிரிட்ஜ்கிட்ட 11தான் வந்து சேருதுன்னா சூடு 84 சதவீதம்தான், 10.5 வந்தா 77 சதவீதம்கூட தேறாது. கால்வாசி தீயைக் குறைச்சு வச்சிட்டு சோறு வேகலைன்னு சொல்ற மாதிரிதான். அதனால வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரை ஃபிரிட்ஜ் முனையிலயே வச்சு ஓடும்போது அளந்து பாருங்க, குறைவா இருந்தா தடிச்ச ஒயர் போட்டு, அதிக கரண்ட் தாங்குற ஆண்டர்சன் பிளக் வச்சிடுங்க, ஆஸ்திரேலியாவுல எல்லா ஆட்டோ எலக்ட்ரீஷியனும் கண்ணை மூடிக்கிட்டு செய்யுற வேலை அது.

இதெல்லாம் ஆனப்புறம் ஒரு நாள் ஃபேன் இல்லாம ஓட்டி அளவு எடுத்து வைங்க. ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள தெர்மாமீட்டர் முனையைப் போட்டு ஃபிரிட்ஜ் நடுவுல வைங்க, காத்தை அளந்தா மூடி திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கும், தண்ணியை அளந்தா உண்மையான சாப்பாட்டு சூடு தெரியும். இன்னொரு தெர்மாமீட்டரை வெளிய நிழல்ல வைங்க. காலையில, மத்தியானம், சாயங்காலம் மூணு தடவை ரெண்டையும் எழுதி வச்சா போதும். பார்க்க வேண்டியது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், உள்ள 9 டிகிரின்னு மட்டும் தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல முடியாது, வெளிய 30ஆ 39ஆன்னு சேர்த்துப் பார்த்தாதான் கணக்கு.

இப்ப சாமான். ஃபேன் கம்ப்யூட்டர் கேபினெட்ல போடுற 12 வோல்ட் பிரஷ்லெஸ் ஃபேன், 120 மிமீ சைஸ் இடம் இருந்தா அதுவே நல்லது, பெருசு மெதுவா சுத்தினாலே காத்து வரும், 80 மிமீ அதே காத்தைக் குடுக்க வேகமா சுத்தணும், ராத்திரி டென்ட் பக்கத்துல ஊய்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பால் பேரிங்னு போட்டதா பார்த்து வாங்குங்க, ஸ்லீவ் பேரிங் ஃபேனை படுக்கப்போட்டு சூடான இடத்துல ஓட்டினா சீக்கிரம் கரகரக்கும். தூசி, சாரல் தாங்குற ஐபி ரேட்டிங் உள்ளது கிடைச்சா இன்னும் நல்லது. இன்னொண்ணு, காரும் சோலாரும் சார்ஜ் ஏத்தும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும், நிறைய கம்ப்யூட்டர் ஃபேன் 13.8 வரைக்கும்தான்னு போட்டிருக்கும், சந்தேகமா இருந்தா நடுவுல ஒரு சின்ன 12 வோல்ட் ரெகுலேட்டர் மாட்யூல் போட்டுடுங்க, எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் போர்டுக்கும் அது பாதுகாப்பு.

தெர்மோஸ்டாட்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பைமெட்டல் ஸ்னாப் டிஸ்க், கேஎஸ்டி 301னு கேட்டா குடுப்பாங்க, ஒரு ரூபாய் காசு அளவுக்கு வட்டமா இருக்கும், ரெண்டு முனை, போர்டு கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது, சொன்ன சூடு வந்தா உள்ள இருக்கிற தகடு டக்குன்னு வளைஞ்சு ஃபேனுக்குக் கரண்டை விடும், ஆறினா திரும்பும். கரண்டே சாப்பிடாது, மழை, குலுக்கல் எதுக்கும் அசராது. ஆனா வாங்கும்போது நார்மலி ஓப்பன்னு சொல்லி வாங்கணும், அதாவது சாதாரணமா கரண்டை விடாம இருந்து சூடானா விடுறது, நார்மலி குளோஸ்டு வாங்கிட்டா சூடானதும் ஃபேன் நின்னுடும், நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர். 45 டிகிரி போட்டது எடுங்க. குறை என்னன்னா அந்த சூட்டை மாத்த முடியாது, அது ஆன் ஆகுறதுக்கும் ஆஃப் ஆகுறதுக்கும் நடுவுல பத்து டிகிரிக்கு மேல இடைவெளி இருக்கும். ரெண்டாவது வழி டபிள்யூ 1209னு ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு, சிவப்பு எண் டிஸ்ப்ளே, ஒரு சென்ஸர் ஒயர், ரிலேன்னு போர்டே ஆன் ஆஃப் பண்ற ஒரு சுவிட்ச், ரொம்ப மலிவு. எந்த டிகிரிலயும் செட் பண்ணலாம், தகடு எவ்வளவு சூடுன்னு கண்ணால பார்க்கலாம். புதுசா பண்றவங்களுக்கு நான் சொல்றது முதல் சீசன் டபிள்யூ 1209 வச்சு ஓட்டி உங்க ஃபிரிட்ஜோட குணத்தைத் தெரிஞ்சுக்கோங்க, அப்புறம் வேணும்னா அந்த டிகிரிக்கே ஒரு ஸ்னாப் டிஸ்க் வாங்கிப் போட்டுட்டு போர்டைக் கழட்டிடுங்க, புழுதி ரோட்டுல பல வருஷம் நிக்கிறது டிஸ்க்தான்.

இது போக 2 ஆம்ப் ஃபியூஸ், ஃபியூஸ் ஹோல்டர், 0.75 சதுர மிமீ ஒயர் சிவப்பும் கறுப்பும், கிரிம்ப் லக் (ஒயர் நுனியில நசுக்கி மாட்டுற முனை), ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒயரை மூடுற குழாய்), அலுமினியம் எல் ஆங்கிள் ஒரு துண்டு, ரப்பர் வாஷர், ஃபேனுக்கு விரல் படாத கம்பி கார்டு. ஜேகார் எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடையிலயும் போனா எல்லாம் ஒரே மதியத்துல கிடைச்சிடும்.

கை வைக்கக்கூடாத இடம். பைப்புக்குள்ள அம்மோனியாவும் ஹைட்ரஜனும் 20 பார், 25 பார் அழுத்தத்துல இருக்கு, கார் டயர்ல இருக்கிற அழுத்தத்தைப் போல பத்து மடங்கு. எந்த பைப்புலயும் ஓட்டை போடக்கூடாது, ஸ்க்ரூ இறக்கக்கூடாது, வெல்டிங், சால்டரிங் எதுவும் கூடாது, தகட்டை வளைக்கக்கூடாது. ஃபிரிட்ஜ் பாடியில புது ஓட்டையே போடாதீங்க, இன்சுலேஷனுக்குள்ள பைப் எந்தப் பக்கம் போகுதுன்னு வெளியேர்ந்து தெரியாது. மஞ்சளா பொடி பூத்த மாதிரி கறை, இல்ல மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடை இருந்தா லீக் ஆகியிருக்கு, அந்த ஃபிரிட்ஜுக்கு ஃபேன் மாட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, ஓட்டாம ஒதுக்கிடுங்க. கேஸ் ஜெட், பர்னர், ரெகுலேட்டர் பக்கம் போகாதீங்க, ஆஸ்திரேலியாவுல அது லைசென்ஸ் உள்ள கேஸ்ஃபிட்டர் செய்ய வேண்டிய வேலை. அப்புறம் ஃபேன் மாட்டிட்டோம்கிறதுக்காக கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜை டென்ட்டுக்குள்ளயோ மூடின வண்டிக்குள்ளயோ வைக்கலாம்னு நினைக்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. வண்டி ஓடும்போதும் கேஸ் மூடியே இருக்கணும்.

சரி, ஃபேன் எங்க. வேலையோட உயிரே இதுலதான் இருக்கு. ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணி நல்லா ஆறினப்புறம் பின்பக்கம் திருப்பி வச்சு உட்கார்ந்து பாருங்க. ஒரு ஓரத்துல தடிமனா, இன்சுலேஷன் சுத்தின தூண் மாதிரி ஒண்ணு, மேல புகைபோக்கி, கீழ பர்னர், அது பாய்லர் பக்கம். மேல அகலமா தகடு தகடா இருக்கிறது கண்டென்ஸர். நடுவுலேர்ந்து கீழ வரை பாம்பு மாதிரி வளையுறது அப்சார்பர். காத்து வேண்டியது கண்டென்ஸருக்கும் அப்சார்பருக்கும். காத்து படவே கூடாதது பாய்லருக்கும் தீக்கும். பாய்லர் 150 டிகிரிக்கு மேல சூடா இருந்தாதான் அம்மோனியா பிரியும், அதுல காத்தடிச்சா எரிபொருள் வீண், தீ மேல காத்தடிச்சா தீ அணையும், இல்லன்னா அரைகுறையா எரிஞ்சு கரியும் மோனாக்ஸைடும் கக்கும். அதனால ஃபேனை பாய்லர் இருக்கிற ஓரத்துக்கு எதிர் ஓரமா தள்ளி, கண்டென்ஸருக்குக் கொஞ்சம் கீழ, காத்து மேல் நோக்கி தகடு வழியா போற மாதிரி வைக்கணும். சூடான காத்து தானாவே மேலதான் போகும், ஃபேன் அதுக்குக் கை குடுக்கணும், எதிர்த்து நிக்கக்கூடாது. மேலேர்ந்து கீழ ஊதினா புகைபோக்கி சூடும் புகையும் பர்னருக்கே திரும்பி வரும், அது ஆபத்து.

ரெண்டு ஃபேன் போட இடம் இருந்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டும் ஒரே திசையில. ஒண்ணு ஊதுது ஒண்ணு இழுக்குதுன்னு எதிரெதிரா வச்சா காத்து அங்கேயே சுத்திக்கிட்டு நிக்கும். ஃபேன் ஃபிரேம் ஓரத்துல அம்புக்குறி இருக்கும், ஒண்ணு சுத்துற திசை, இன்னொண்ணு காத்து போற திசை. அம்பு இல்லன்னா, குறுக்குக் கம்பி நாலு வந்து மோட்டாரைப் பிடிச்சிருக்கே, ஸ்டிக்கர் ஒட்டின பக்கம், அங்கதான் காத்து வெளிய வரும். மாட்டுறதுக்கு முன்னாடி ஃபேனை கையால அந்த இடத்துல பிடிச்சு பேட்டரியில தொட்டு ஓட விட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி கீழ் ஓரமா காட்டிப் பாருங்க, கேஸ் பாட்டிலைக் கழட்டி தூரமா வச்சிட்டுத்தான் இதைப் பண்ணணும். புகை தகடு சந்துக்குள்ள நுழைஞ்சு மேல வெளிய வந்தா சரியான இடம். புகை பர்னர் பக்கமா வளைஞ்சு போனா ஃபேனை இன்னும் தள்ளுங்க, இல்ல நடுவுல ஒரு சின்ன அலுமினியத் தகடு மறைப்பா வைங்க, அந்தத் தகடு பர்னருக்குப் போற காத்து ஓட்டையை மூடாம இருக்கணும். பத்து நிமிஷம் இதுல செலவழிச்சா அப்புறம் எதையும் கழட்டி மாட்ட வேண்டியதில்ல.

மாட்டுறதுக்கு எல் ஆங்கிளை அளவா வெட்டி, ஃபிரிட்ஜ் பின்பக்க கிரில்லுக்கோ கைப்பிடிக்கோ ஏற்கனவே இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்டி அதே ஓட்டையில இதையும் சேர்த்து முடுக்குங்க. ஃபேனுக்கும் ஆங்கிளுக்கும் நடுவுல ரப்பர் வாஷர், இல்லன்னா ஃபிரிட்ஜ் பெட்டியே ஸ்பீக்கராகி முனகும். தகட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, ரொம்ப ஒட்டி வச்சா மோட்டார் இருக்கிற நடுப்பகுதிக்குக் காத்தே போகாது. ஒயரை கேபிள் டை போட்டுக் கட்டும்போது பாய்லர், புகைபோக்கி பக்கமே வராம எதிர் ஓரமா கொண்டு போங்க, கரடுமுரடான மண் ரோட்டுல குலுங்கும்போது தொங்குற ஒயர் ஒரு நாள்ல உரசித் தோலுரிஞ்சிடும்.

கரண்ட் எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு யோசிக்கும்போது ஃபிரிட்ஜோட 12 வோல்ட் ஒயர்லேர்ந்தே எடுத்துக்கலாம்னு தோணும், எடுக்காதீங்க. கேம்ப்ல நின்னதும் கேஸுக்கு மாத்தி அந்த 12 வோல்ட் பிளக்கைப் பிடுங்கிடுவோம், ஃபேன் அதிகமா தேவைப்படுறதே அப்பதான். அதனால ஃபேனுக்குத் தனி லைன், ரெண்டாவது பேட்டரி இருந்தா அதுலேர்ந்து, பேட்டரி பிளஸ்லேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளயே ஃபியூஸ். ஸ்னாப் டிஸ்க் போடுறவங்களுக்கு வேலை சுலபம், ஃபியூஸ்லேர்ந்து வர சிவப்பு ஒயரை டிஸ்க்கோட ஒரு முனையில குடுத்து மறுமுனையிலேர்ந்து ஃபேன் பிளஸ், கறுப்பு நேரா பேட்டரி மைனஸ், முடிஞ்சது. டபிள்யூ 1209ல நாலு திருகு முனை இருக்கும், பிளஸ் 12, ஜிஎன்டி (மைனஸ்), கே0, கே1. பிளஸும் ஜிஎன்டியும் போர்டு ஓடுறதுக்கு. கே0, கே1 ரெண்டும் வெறும் சுவிட்ச், அதுல தானா கரண்ட் வராது, நிறைய பேர் இங்கதான் ஃபேனை கே0 கே1ல மட்டும் மாட்டிட்டு ஓடலைங்கிறாங்க. பிளஸ் 12லேர்ந்து ஒரு துண்டு ஒயர் கே0வுக்கு, கே1லேர்ந்து ஃபேன் பிளஸ், ஃபேன் மைனஸ் ஜிஎன்டிக்கு.

ஃபேன் ஒயர் நிறத்தையும் பார்த்துக்கோங்க. மூணு ஒயர் உள்ளதுல சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், மஞ்சள் வேகம் சொல்ற ஒயர், அதை மடக்கி டேப் சுத்தி விட்டுடணும். நாலு ஒயர் ஃபேன் சிலதுல மஞ்சள்தான் பிளஸ், அதனால நிறத்தை மட்டும் நம்பாம ஃபேன் கூட வந்த பேப்பரைப் பாருங்க. மாத்திக் குடுத்தா ஃபேன் எலக்ட்ரானிக்ஸ் போயிடும். ஜாயின்ட் எல்லாம் கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, சால்டர் வச்ச இடம் விறைச்சுக்கும், குலுக்கல்ல அந்த ஓரத்துலயே ஒயர் முறியும். போர்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வச்சு ஃபிரிட்ஜ் பக்கவாட்டுல, சூடு படாத இடத்துல ஒட்டுங்க.

சென்ஸர் வைக்கிற இடம் கண்டென்ஸர் தகட்டு நடுவுல, பாய்லருக்கு எதிர்பக்கமா கொஞ்சம் தள்ளி. பாய்லர் பக்கத்துல வச்சா எப்பவும் சூடுதான், ஃபேன் நிக்கவே நிக்காது. ஃபேன் காத்து நேரா சென்ஸர் மேல பட்டாலும் தப்பான அளவு காட்டும், தகட்டோட மேல் ஓரத்துல வச்சு, கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் தடவி, உலோக கேபிள் டையால இறுக்குங்க, பிளாஸ்டிக் டை சூட்டுல நாள்பட உடைஞ்சு போகும். ஃபிரிட்ஜ் உள்ள சென்ஸர் வைக்கிறதைப் பத்தி சில பேர் கேப்பாங்க, உள்ள ஜில் குறைஞ்சதும் ஃபேன் ஓடட்டும்னு. அது வேலைக்கு ஆகாது, உள்ள இருக்கிற சாமான் சூடாகி சென்ஸருக்குத் தெரியுறதுக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம் ஆயிடும், தகடு சூடு உடனே தெரியும்.

செட்டிங். செட் பட்டனை அழுத்திப் பிடிச்சா பி0னு வரும், அதுல சி வைக்கணும், எச் வச்சா சூடாக்குற வேலைக்கு, நமக்கு வேண்டியது குளிரவைக்கிற வேலை. பி1 ஆன் ஆகுறதுக்கும் ஆஃப் ஆகுறதுக்கும் நடுவுல உள்ள டிகிரி இடைவெளி, அதை 5 ஆக்குங்க, ரெண்டுலயே விட்டா ஃபேன் நிமிஷத்துக்கு ஒருதரம் நின்னு நின்னு ஓடும், ரிலே டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். மத்த பி2, பி3 எல்லாம் தொட வேண்டாம். அப்புறம் செட் பட்டனை ஒரு தடவை தட்டி 45ன்னு வைங்க. இதுல ஆரம்பிங்க, ஒரு முழு நாள் பாருங்க. வெளிய 40 இருக்கும்போது நாள் முழுக்க ஃபேன் ஓடினா அது சரிதான், அப்ப ஓடத்தான் வேணும். ராத்திரி 18க்கு இறங்கினப்புறமும் நிக்கலன்னா 48, 50னு ஏத்துங்க. ராத்திரி நிக்கிறது ரொம்ப முக்கியம், பேட்டரிக்காக மட்டும் இல்ல, நிறைய மாடல்ல கேஸ்லயும் 12 வோல்ட்லயும் ஓடும்போது உள் தெர்மோஸ்டாட் வேலை செய்யாது, தீ ஒரே அளவுல எரிஞ்சுக்கிட்டே இருக்கும், குளிர்ந்த ராத்திரியில ஃபேனும் சேர்ந்து ஓடினா காலையில தக்காளியும் முட்டையும் உறைஞ்சு கிடக்கும். சும்மா சுவிட்ச் வச்ச ஃபேன் போதாது, தெர்மோஸ்டாட் வேணும்னு சொல்றதுக்குக் காரணமே இதுதான்.

முதல் தடவை கேஸ்ல ஓட்டும்போது வெட்டவெளியில வச்சு, தீயைப் பார்க்கிற ஜன்னல் வழியா கவனிங்க. ஃபேன் இல்லாம தீ நீலமா நிமிர்ந்து நிக்கும். ஃபேனை ஓட விட்டதும் அது அப்படியே நிக்கணும். ஆடினாலோ, மஞ்சளா மாறினாலோ, ஒரு பக்கமா சாஞ்சாலோ ஃபேன் இடம் சரியில்ல, உடனே ஃபேனை நிறுத்திட்டு இடம் மாத்துங்க, இதுல பரவாயில்லன்னு விடக்கூடாது. அரை மணி நேரம் கழிச்சு திரும்பப் பாருங்க, தகடு சூடானப்புறம் காத்தோட்டம் மாறும்.

பேட்டரி கணக்கு பயப்படுற அளவுக்கு இல்ல. மெதுவா சுத்துற 120 மிமீ ஃபேன் ஒண்ணு 0.15 ஆம்ப்னு வச்சுக்கிட்டா ரெண்டுக்கு 0.3, பகல்ல 12 மணி நேரம் ஓடினா 3.6 ஆம்ப் ஹவர், டபிள்யூ 1209 போர்டு சும்மா இருக்கும்போதே 35 மில்லி ஆம்ப் அளவுக்கு இழுக்கும், ஃபேன் ஓடும்போது ரிலேவுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட, நாளைக்கு ஒண்ணுலேர்ந்து ஒண்ணேகால். மொத்தம் அஞ்சு ஆம்ப் ஹவருக்குள்ள. ஒரு 100 ஆம்ப் ஹவர் பேட்டரிக்கு இது ஒண்ணுமே இல்ல, சின்ன சோலார் பேனலே திருப்பிக் குடுத்துடும். இதே ஃபிரிட்ஜை நின்ன வண்டியில 12 வோல்ட் ஹீட்டர்ல ஓட்டினா மணிக்கு 8 ஆம்ப், காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது. நிக்கும்போது கேஸ், ஓடும்போது 12 வோல்ட், பவர் உள்ள கேம்ப் கிரவுண்ட்ல 240, இந்தப் பழக்கத்தை மாத்தாதீங்க.

மறுபடி அதே தண்ணி பாட்டில் அளவை எடுத்து முன்னாடி எழுதினதோட பாருங்க. சில டிகிரி வித்தியாசம் கிடைச்சாலே வேலை வெற்றி, 9 டிகிரியில நின்ன பால் 5க்கு வந்தா அதுதான் ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி சொல்ற அளவு. ஒண்ணுமே மாறலன்னா சாய்மானம், வோல்டேஜ், மூடி ரப்பர் மூணையும் திரும்பப் பாருங்க. மூடி ரப்பர்ல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்தா சிரமப்பட்டு வரணும், வழுக்கிக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு. உள்ள பேட்டரியில சுத்துற குட்டி ஃபேன் வைக்கிறாங்களே, அது மேலயும் கீழயும் உள்ள ஜில்லை சமமாக்கும், நல்லதுதான், ஆனா அது வேற வேலை, வெளிய சூடு போறதுக்கு அது உதவாது.

கம்ப்ரஸர் ஃபிரிட்ஜைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறவங்களுக்கு இப்ப. ஃபிரிட்ஜ் தன் ஃபேனால சூட்டை வெளிய தள்ளுது, பலகைப் பெட்டி அதைத் திருப்பி அதுக்கே குடுக்குது. கம்ப்ரஸர் இருக்கிற பக்கம் கீழ ஒரு ஓட்டை உள்ள வர காத்துக்கு, எதிர்பக்கம் மேல ஒரு ஓட்டை வெளிய போறதுக்கு, மேல் ஓட்டையில ஒரு ஃபேன் வெளிய இழுக்கிற மாதிரி. தெர்மோஸ்டாட் சென்ஸரைப் பெட்டிக்குள்ள மேல் மூலையில வச்சு 40க்கு செட் பண்ணுங்க. உள்ள இருக்கிறது டான்ஃபாஸ், செகோப் பிடி35 கம்ப்ரஸர்னா அதோட கன்ட்ரோலர்லயே ஃபேனுக்குன்னு ஒரு எஃப் முனை இருக்கு, அரை ஆம்ப் வரை தாங்கும், கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும், தனி தெர்மோஸ்டாட்டே வேண்டாம். ஆனா கம்பெனி ஃபேன் ஏற்கனவே அதுலதான் இருக்கும், ரெண்டும் சேர்ந்து அரை ஆம்ப் தாண்டாம பார்த்துக்கோங்க, வாரன்டி இருக்கிற ஃபிரிட்ஜ்னா திறக்காமயே தனி லைன்ல ஓட்டுங்க.

ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சதும் தகட்டுச் சந்துல படிஞ்ச செம்மண்ணை பெயின்ட் பிரஷ்ஷால மெதுவா தட்டி எடுங்க, தண்ணி பீச்சி அடிக்காதீங்க. ஃபேனைக் கையால சுத்தி விட்டுப் பாருங்க, தயங்கித் தயங்கி நின்னா அடுத்த ட்ரிப்புக்கு முன்னாடி மாத்திடுங்க. டூல் பாக்ஸ்ல ஒரு ஸ்பேர் ஃபேனும் ரெண்டு ஃபியூஸும் எப்பவும் கிடக்கட்டும், ஊட்நடாட்டா டிராக்ல கம்ப்யூட்டர் கடை கிடையாது.